கிறிஸ்தவக் கம்பர் கிருஷ்ண பிள்ளை

நெல்லைச் சீமை தமிழன்னைக்கு அளித்த புலவர் பெருமக்கள் பலர். அவர்களுள் பொருநை நாட்டில் பிறந்து, கம்பனைக் கற்று வளர்ந்து, திருமால் அடியாராக வாழ்வைத் தொடங்கி, சிலுவையின் அடியிலே நின்று ஒரு பெருங்காப்பியம் பாடி முடித்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ஆவார். கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரை அன்புடன் அழைத்து வருகிறது.

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இப்பெரியாரின் வாழ்வை எழுத நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் குடியிருப்பில் பஜனை மடமும் உண்டு. சிறு கிறிஸ்தவ ஆலயமும் உண்டு. மார்கழியில் திருப்பாவை பாடும் வீட்டாரும், அதே மாதத்தில் கிறிஸ்துமஸ் கீதம் பாடி வரும் வீட்டாரும் சுவருக்குச் சுவர் அண்டையில் வாழ்கிறோம். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து வாங்கிக் கொள்கிறோம். ஆயினும் பெரிய வெள்ளிக்கிழமையன்று அண்டை வீட்டார் ஏன் பட்டினி கிடந்து ஆலயத்தில் மணிக்கணக்காக அமர்ந்திருக்கிறார்கள், கொலைத் தண்டனைக் கருவியாகிய சிலுவையை ஏன் கழுத்தில் அணிந்து கொள்கிறார்கள் என்று நம்மிற் பலர் கேட்டறிந்ததில்லை. கேட்பது நாகரிகம் அன்று என்று இருந்து விடுகிறோம்.

இதை எழுதும் நாம் வைணவக் குடியிற் பிறந்தோம்; இன்றும் அவ்வழியே நிற்கிறோம். நம் வழியில் வந்த ஒரு தமிழ்ப் புலவர் ஏன் பிரிந்து போனார் என்னும் சிறு சினத்தோடுதான் கிருஷ்ண பிள்ளையின் நூலை முதன் முதலில் எடுத்தோம். படித்து முடித்தபோது சினம் இல்லை. அண்டை வீட்டாரிடம் கேட்கத் தயங்கிய கேள்விக்கு நம் தாய்மொழியிலேயே விடை கிடைத்திருந்தது. அவ்விடையை இங்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில், வேளாளர் குலத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வழிவழியாகத் திருமாலை வழிபட்டு வந்த குடும்பம் அது. கம்பராமாயணப் புலமை அவ்வீட்டின் சொத்து. பிள்ளைப் பருவத்திலேயே கம்பனின் விருத்தங்கள் அவர் செவியில் விழுந்தன. பிற்காலத்தில் அவர் எத்தனை எத்தனை பாடல்கள் எழுதினாலும் அவற்றிலெல்லாம் அந்த ஓசை ஒலித்துக்கொண்டே இருந்தது.

அவர் வளர்ந்த காலம் நெல்லை நாட்டில் பெரும் மாறுதல்களின் காலம். இரேனியஸ் ஐயர் 1820ஆம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்த பின் கிறிஸ்தவ சபைகளும் பள்ளிகளும் ஊர் ஊராகத் தோன்றின. எதிர்ப்பும் தோன்றியது. 1840களில் விபூதிச் சங்கம் என்னும் பெயரால் ஓர் எதிர்ப்பியக்கமே எழுந்தது. மேற்குல இளைஞர் ஒருவர் புதிய சமயத்தை ஐயத்தோடும் வெறுப்போடும் நோக்குவது அக்காலத்தில் இயல்பே. இளைஞராகிய கிருஷ்ண பிள்ளையும் அவ்வாறே நோக்கினார்.

சாயர்புரத்தில் தமிழாசிரியர்

இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சாயர்புரத்தில், 1842ஆம் ஆண்டு வந்து சேர்ந்த ஜி. யு. போப் அவர்கள் ஒரு கல்விக்கூடத்தை நிறுவியிருந்தார். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த அதே போப்தாம் அவர். அவர் அவ்வூரை விட்டுச் சென்ற பின்னர், 1853ஆம் ஆண்டு, அக்கல்விக்கூடத்தில் கிருஷ்ண பிள்ளை தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அவர் சென்றது தமிழ் கற்பிக்க; சமயம் கற்க அன்று. ஆனால் கற்பிக்கப் போன இடத்திலே கற்க நேர்வதும் உலக வழக்கமே. சுற்றிலும் வேதாகமம் படிப்போர். பின்னர், அவர் நண்பர் தனகோடி ராஜுவும் தம்பி முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்னரே கிறிஸ்து சமயத்தைத் தழுவினர். நூல்கள் கைக்கு வந்தன. வாதங்கள் நடந்தன. வெறுப்பு மெல்ல மெல்ல ஆராய்ச்சியாயிற்று. ஆராய்ச்சி ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. பாவத்தின் சுமையை இறக்கி வைப்பது எப்படி என்பதே அக்கேள்வி.

இதனை நாம் ஊகித்துக் கூறவில்லை. அவர் பின்னாளில் எழுதிய நூல்களின் பெயர்களே சான்று. இரட்சணிய யாத்திரிகம், இரட்சணிய சமய நிர்ணயம், இரட்சணிய மனோகரம் என்று ஒரே சொல்லையே மீண்டும் மீண்டும் தலைப்பில் வைத்தார். இரட்சணியம் என்பது மீட்பு. அடகுக் கடையில் முடங்கிய தாலிக்கொடியைப் பணம் கட்டித் திருப்பினால் மீட்டோம் என்கிறோம் அல்லவா? அதே சொல்தான். மீட்கப்படும் பொருள் தன்னைத் தானே மீட்டுக் கொள்வதில்லை. வேறொருவர் விலை கொடுத்தாக வேண்டும்.

அவர் நெஞ்சை வாட்டிய கேள்வி

பாவம் என்றால் என்ன? பொய், களவு, கொலை என்று பட்டியல் போடுவது எளிது. கிறிஸ்தவ சமயம் அப்பட்டியலுக்கு அடியிலுள்ள வேரைத் தேடுகிறது. மனிதன் தன்னைப் படைத்தவனை விட்டு விலகித் தன்னையே நடுவில் வைத்துக் கொண்டான். அந்த விலகலே பாவம். செயல்கள் எல்லாம் அதன் கிளைகள் என்பது அச்சமயத்தின் கொள்கை. ஆதாமின் வரலாறு இதனையே கூறுகிறது. ஆகவே நல்லவர், கெட்டவர் என்ற வேறுபாடின்றி மனிதர் அனைவரும் இந்நோயுடையவர் என்று அது கருதுகிறது. நற்செயல்களைச் செய்து இந்நோயைத் தீர்த்துக்கொள்ள இயலாது; நோயாளியே மருத்துவனாக முடியாது என்பது அதன் துணிபு.

கருணையால் விடுதலை உண்டென்பது வைணவராகிய கிருஷ்ண பிள்ளைக்குப் புதிய செய்தி அன்று. கீதையின் முடிவில் கண்ணன், தன்னைச் சரணடைந்தவனைப் பாவங்கள் அனைத்தினின்றும் விடுவிப்பதாக உறுதி கூறுகின்றான். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வது போல் உயிர் இறைவனைப் பற்றவேண்டும் என்று வடகலையாரும், பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வது போல் இறைவனே உயிரைத் தாங்கிச் செல்வான் என்று தென்கலையாரும் கூறுவர். பிராட்டியார் நமக்காகப் பெருமானிடம் பரிந்து பேசுவார் என்பதும் வைணவம் அறிந்ததே. பிறர்க்காகத் தன்னை இழக்கும் பெருமையும் நமக்குப் புதிதன்று. மந்திரத்தை வெளியிட்டால் நரகம் புக நேரிடும் என்று ஆசாரியர் எச்சரித்திருந்தும், எல்லாரும் உய்யட்டும் என்று திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி நின்று அதனை உலகறியக் கூறியவர் இராமாநுசர். புறாவுக்காகத் தன் சதையை அரிந்து தராசில் இட்ட சிபியின் கதையைப் பாட்டிமார் வாயிலாகக் கேளாத தமிழ்க் குழந்தை இல்லை.

எனவே கருணை வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. நீதி தவறாத இறைவன் குற்றத்தை எவ்வாறு மன்னிப்பான் என்பதே அவருக்குச் சிக்கலாயிற்று. மன்னித்தால் நீதி என்னாவது? தண்டித்தால் கருணை என்னாவது?

கணக்கெழுதிப் பிழைக்கும் நம் போன்றோருக்கு இது எளிதில் விளங்கும். மாலையில் பெட்டியை எண்ணும்போது நூறு ரூபாய் குறைகின்றது என்று வைத்துக்கொள்வோம். குறை என்பது வெறும் பேச்சினால் மறைவதில்லை. குமாஸ்தாவின் சம்பளத்தில் பிடிக்கலாம். அல்லது மேலதிகாரி மனமிரங்கித் தம் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து வைக்கலாம். இரண்டில் ஒன்று நடந்தால்தான் கணக்கு நேராகும். மன்னிப்பு என்பது இரண்டாவது வழி. குற்றம் செய்தவனுக்கு அது இலவசம். மன்னிப்பவனுக்கு அது செலவு. வீட்டிலும் இதுவே முறை. மகன் பட்ட கடனைத் தந்தை மன்னிக்கிறார் என்றால், அக்கடனைத் தந்தை அடைக்கிறார் என்பதே பொருள்.

கிறிஸ்தவ சமயம் சிலுவையைப் பற்றிக் கூறுவது இதுவே. மனித குலத்தின் கடனை இறைவன் கண்டும் காணாமல் விடவில்லை. குமாரனாகத் தானே மனித உருக்கொண்டு வந்து அடைத்தான் என்பது அதன் உயிர்நிலை.

பலியும் பலியின் முடிவும்

இக்கருத்து யூத மக்களின் வழிபாட்டில் வேரூன்றியது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த அவர்கள் விடுதலை பெற்ற இரவில், ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீடுகளைச் சாவு தீண்டாமல் கடந்து சென்றது என்பது அவர்கள் வரலாறு. அதன் நினைவே பஸ்கா பண்டிகை. மோசேயின் சட்டப்படி ஆண்டுக்கொரு நாள் பாவ நிவாரண நாள். அன்று இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டு வருவர். ஒன்று பலியிடப்படும். மற்றொன்றின் தலைமேல் குரு தம் இரு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதனை வனாந்தரத்துக்கு ஓட்டி விடுவார். மக்களின் பாவம் அதனோடு போயிற்று என்று கொள்வர்.

இயேசுவை ரோமானிய ஆளுநன் பிலாத்து சிலுவையில் அறைவித்தது அந்தப் பஸ்கா பண்டிகைக் காலத்தில்தான். ஆகவே, உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கும் ஆட்டுக்குட்டி அவரே என்று அவர் சீடர்கள் உணர்ந்தனர். அந்த ஒரே பலியோடு பலிகள் அனைத்தும் முற்றுப் பெற்றன என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் விளக்குகிறது. கிறிஸ்தவ ஆலயங்களில் கிடாவெட்டும் குருதிப் பலியும் இல்லாததற்குக் காரணம் இதுவே.

இங்கே ஒரு மறுப்பு எழும். குற்றவாளியை விட்டுவிட்டுக் குற்றமற்ற ஒருவனைத் தண்டிப்பது எந்த நாட்டு நீதி? நியாயமான கேள்வியே. மூன்றாம் ஆள் ஒருவனைப் பிடித்திழுத்து வந்து பலியிட்டிருந்தால் அது அநீதியே ஆகும். ஆனால் கிறிஸ்தவர் கூறுவது வேறு. நீதிபதியே ஆசனத்தை விட்டிறங்கி வந்து தண்டத்தை ஏற்றார். ஒருவரும் அவரை இழுத்து வரவில்லை. தாமே மனமுவந்து வந்தார் என்பர். இந்த மனமுவந்து என்னும் ஒரு சொல்லிலேதான் அச்சமயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கிருஷ்ண பிள்ளையின் உள்ளத்தைக் கவர்ந்ததும் அதுவே என்பதை அவர் காப்பியத்தில் காண்போம்.

ஞானஸ்நானமும் அதன் விலையும்

1858ஆம் ஆண்டு, தமது முப்பதாம் வயது நிறையும் காலத்தில், சென்னை மயிலாப்பூரில் தூய தோமா ஆலயத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரின் முதலெழுத்துகள் முன்னே வந்து நின்றனவே அன்றி, கிருஷ்ணன் என்னும் திருமாலின் பெயரை அவர் விட்டுவிடவில்லை. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை என்னும் பெயரிலே பழைய வீடும் புதிய வீடும் சேர்ந்தே இருக்கின்றன.

அந்நாளில் அவர் பிறந்த குலத்தில் ஒருவர் சமயம் மாறுவது சிறு செயல் அன்று. உற்றார் உறவு அறும். பந்தியில் இடம் இராது. பல குடும்பங்களில் அதனை ஒரு சாவாகவே எண்ணி அழுதனர். கல்வியாலும் குலத்தாலும் ஊரில் மதிப்புடன் வாழ்ந்த ஒருவர் இவ்வளவையும் அறிந்தே அடியெடுத்து வைத்தார். உலகியல் ஆதாயம் கருதியே மாறுகிறார்கள் என்று பொதுவாகக் கூறிவிடுவோர் கிருஷ்ண பிள்ளையின் நூல்களைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் நலம். நாற்பது ஆண்டுக் காலம் ஒரே பொருளைப் பற்றி இவ்வளவு உருக்கமாக எழுத ஆதாயத்தால் ஆகாது.

சென்னையில் அவர், பெர்சிவல் ஐயர் நடத்திய தினவர்த்தமானி இதழிலும் மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். பின்னர் நெல்லை நாடு திரும்பிச் சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் தமிழாசிரியராய் விளங்கினார். சில ஆண்டுகள் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் ஆசிரியப் பணி புரிந்தார். மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை பணியாற்றிய கல்லூரி அது.

ஆங்கிலத் தகரவேலைக்காரரும் தமிழ்ப் புலவரும்

கிருஷ்ண பிள்ளையின் பெருங்காப்பியம் இரட்சணிய யாத்திரிகம். அதன் மூலக்கதையைத் தந்தவர் இங்கிலாந்து நாட்டு ஜான் பனியன். 1628ஆம் ஆண்டு பிறந்த பனியன், ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைக்கும் தொழிலாளி. அரசின் இசைவின்றிச் சமயப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்போர்டு நகரச் சிறையில் 1660 முதல் 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். 1678ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய மோட்சப் பயணக் கதை உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது.

கதை இதுதான். நாச நகரத்தில் வாழும் ஒருவன் தன் முதுகில் பெரிய சுமை ஒன்று அழுத்துவதை உணர்கிறான். அது பாவச் சுமை. அதை இறக்க வழி தேடி, வீட்டையும் ஊரையும் விட்டுப் புறப்படுகிறான். சேற்றில் அழுந்தி எழுந்து, இடுக்கமான வாயிலில் நுழைந்து, ஒரு மேட்டை அடைகிறான். அங்கே சிலுவை நிற்கிறது. அதை நோக்கிய அளவிலே, அவன் கை வைக்காமலே, கட்டவிழ்ந்து சுமை கீழே விழுகிறது. உருண்டு சென்று ஒரு கல்லறைக்குள் மறைகிறது.

சுமை இறங்கிவிட்டால் பிறகு எப்படியும் நடக்கலாமோ என்று கேட்பவர்க்கு இக்கதையின் அமைப்பே விடை. சிலுவை வழியின் முடிவில் இல்லை, தொடக்கத்திலே இருக்கிறது. அதற்குப் பின்னர்தான் செங்குத்தான மலையும், இருண்ட பள்ளத்தாக்கும், மாயச் சந்தையும், அவநம்பிக்கை என்னும் அரக்கனின் ஐயக் கோட்டையும், கடைசியில் பாலமில்லாத ஆறும் வருகின்றன. மன்னிப்புப் பெற்றவன் வேலை முடிந்தவன் அல்லன், நடக்கத் தொடங்கியவன்.

இக்கதை தமிழில் உரைநடையாக முன்னரே வந்திருந்தது. ஆயினும் உரைநடை போதாது, கம்பன் நடந்த பாதையில் இதை நடத்த வேண்டும் என்று கிருஷ்ண பிள்ளை துணிந்தார். ஆண்டுகள் பல உழைத்தார். பகுதி பகுதியாக நற்போதகம் இதழில் வந்த பாடல்கள், 1894ஆம் ஆண்டு முழு நூலாக வெளிவந்தன. அப்போது ஆசிரியருக்கு வயது அறுபத்தேழு. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள். 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள். நாட்டு வளமும் நகர் வளமும் தமிழ்க் காப்பிய மரபுப்படி அமைந்தன. இடையிடையே தேவாரம் என்னும் பெயராலேயே இசைப்பாடல்களையும் கோத்தார். மற்றொரு நூலுக்குப் போற்றித் திருஅகவல் என்று பெயரிட்டார். சமயத்தை மாற்றிக் கொண்டவர், ஆழ்வாரும் நாயன்மாரும் உருகிய தமிழை மாற்றிக் கொள்ளவில்லை.

கயிறன்று, அன்பு

பனியனின் கதையில் சிலுவைக் காட்சி சில வரிகளில் முடிந்துவிடும். ஆங்கில நாட்டார் அனைவரும் அறிந்த செய்தி ஆதலின் அவர் விரித்துரைக்கவில்லை. கிருஷ்ண பிள்ளை தமிழருக்கு எழுதுகின்றார். ஆகவே மூலத்தில் இல்லாத ஒரு பெரும் பகுதியைத் தாமே சேர்த்தார். குமார பருவத்திலுள்ள இரட்சணிய சரிதப் படலம் அது. தோட்டத்தில் இயேசு வியர்வை சிந்தி வேண்டியது, சீடன் காட்டிக் கொடுத்தது, மற்றொரு சீடன் மறுதலித்தது, பிலாத்துவின் முன் நடந்த விசாரணை, சிலுவைப்பாடு ஆகிய அனைத்தும் அங்கே கண்முன் நிகழ்கின்றன. காப்பியத்தின் இதயம் இப்படலமே.

அதில் ஓரிடம் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. இயேசுவைக் கயிற்றால் பிணித்து இழுத்துச் செல்கின்றனர். எல்லாம் வல்லவர் ஒரு கயிற்றுக்குக் கட்டுப்படுவாரோ என்று படிப்போர் மனம் கேட்கும். புலவர் அதற்கு விடை கூறுகின்றார். அவரைக் கட்டியது கயிறு என்று எண்ணற்க; தம்மைப் பகைத்த மக்களையும் நினைந்து உருகும் அன்பே அவரைக் கட்டியது; அக்கட்டை அறுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை என்பது அவர் கருத்து. முன்பு நாம் கூறிய மனமுவந்து என்னும் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டுமோ?

மற்றோரிடத்தில், உடல் புண்பட்டுத் துடிக்கும் வேளையிலும் தம்மைத் துன்புறுத்துவோர்க்காகவே இயேசு பரிந்து வேண்டுவதைப் பாடுகின்றார். முடிசூட்டு விழா நின்று போய்க் காடு செல்லக் கட்டளை பிறந்தபோதும் முகம் வாடாத இராமனைக் கம்பன் காட்டியிருக்கின்றான். அந்த இராமனை நெஞ்சில் வைத்து வளர்ந்தவர்க்கே இந்த இயேசுவை இவ்வாறு பாட முடியும் என்று நமக்குத் தோன்றியது. சிபி தந்தது அடைக்கலம் புகுந்த புறாவுக்கு. இயேசு தந்தது ஆணி அடித்தவர்க்கு. சிலுவையின் புதுமை இதுவே என்று கிருஷ்ண பிள்ளை கண்டார்.

இங்கே நம் தமிழின் அருமை ஒன்றையும் கூறுதல் வேண்டும். பாவம் என்றால் குற்றம். துன்புறும் ஒருவரைக் கண்டால் ஐயோ பாவம் என்கிறோம். அங்கே அச்சொல் இரக்கம். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் நம் பேச்சிலே ஒரே சொல் அமைந்து கிடக்கிறது. இரட்சணிய சரிதப் படலத்தைப் படிக்கையில் இவ்விரண்டு பொருளும் ஓரிடத்தில் வந்து கூடுவதைக் காண்கிறோம். மனிதனைப் பாவி என்று பழிக்க வேண்டிய இடத்தில், பாவம் என்று இரங்கிய ஓர் உள்ளம் அங்கே காட்சி தருகின்றது.

நிறைவு

முதுமையிலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. 1898இல் இரட்சணிய சமய நிர்ணயமும், 1899இல் இரட்சணிய மனோகரமும் வெளிவந்தன. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய பாடல்களைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் உருகிப் பாடுகின்றனர். அவர் காப்பியப் பகுதிகள் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களிலும் இடம் பெற்றிருக்கின்றன.

கிருஷ்ண பிள்ளை கண்ட விடையை எல்லாரும் ஏற்க வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. நாமும் நம் வழியிலேயே நிற்கின்றோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி எல்லார்க்கும் பொது. இறக்க முடியாத சுமை ஒன்று ஒவ்வொருவர் முதுகிலும் உண்டு. பெற்றோரிடம் கடிந்து பேசிய சொல், உடன்பிறந்தாரிடம் மறைத்த பங்கு, ஊருக்குப் போகாமல் விட்ட ஒரு மரணம் என்று அதற்குப் பல பெயர்கள். பிழைப்பைத் தேடித் தொலைதூரம் வந்துவிட்ட நம் போன்றோர்க்கு அந்தச் சுமையின் கனம் நன்கு தெரியும். நமக்கு மன்னிப்புத் தேவை என்று உணர்ந்தவனே பிறரை மன்னிப்பான். மன்னிப்பதற்கு ஒரு விலை உண்டென்றும், அதை மன்னிப்பவரே கொடுக்க வேண்டும் என்றும் அறிந்தவனே மெய்யாக மன்னிப்பான். தண்ணீர்க் குழாயடியில் தொடங்கிச் சங்கத் தேர்தல் வரையில் நம்மிடையே கிடக்கும் சிறு பகைகளுக்கும் இதுவே மருந்து.

வரும் பெரிய வெள்ளிக்கிழமையன்று அண்டை வீட்டார் வெண்ணிற ஆடை அணிந்து அமைதியாக ஆலயத்திலிருந்து திரும்பும்போது, அவர்கள் எதை நினைந்து வருகிறார்கள் என்பது இனி நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வைப்போம். இரட்சணிய யாத்திரிகத்தின் பிரதி ஒன்று நம் சங்க நூலகத்தில், கம்பராமாயணத்துக்குப் பக்கத்திலேயே இருக்குமாயின், கிருஷ்ண பிள்ளை என்னும் அப்பெரியாருக்கு அதுவே தகுந்த மரியாதையாகும்.

வாழ்க செந்தமிழ்! வளர்க நம் சங்கம்!